இசையும் இசைவும்

ஒரு பொருளை வாங்குதல் என்றால் என்ன? தொடக்கப்பள்ளி மாணவனும் இதற்கு விடை கூறுவான். விலையைக் கொடுத்தால் பொருள் கொடுத்தவருக்கு உரியதாகிறது. குடை ஒன்றை வாங்கியவர் அதை மழைக்கும் பிடிக்கலாம், வெயிலுக்கும் பிடிக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், பழையதான பின் ஒரு மூலையில் போட்டும் வைக்கலாம். குடையை விற்ற கடை மூடப்பட்டுவிட்டது என்பதற்காக, வாங்கியவர் வீட்டில் அக்குடை விரியாமல் போவதில்லை.

ஆயின், இந்த எளிய உண்மை பொய்த்துப்போன ஒரு காலம் அண்மை வரலாற்றில் உண்டு. 2001ஆம் ஆண்டுக்கும் 2009ஆம் ஆண்டுக்கும் இடையில், இணையத்தின் வழியாகப் பணம் செலுத்திப் பாடல்களைப் பதிவிறக்கம் செய்துகொண்ட பல மில்லியன் மக்கள், தாம் வாங்கிய பாடல் தம்முடையது அன்று என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தனர். கணினியை மாற்றினால் பாடல் ஒலிக்கவில்லை. வேறு நிறுவனத்தின் கருவியில் ஏற்றினால் ஒலிக்கவில்லை. விற்ற கடை மூடப்பட்டால், பாடலின் எதிர்காலமும் அதனோடு மூடப்பட்டது. இசையை வாங்கினோம் என்று எண்ணியவர்கள் உண்மையில் வாங்கியது இசையை அன்று. இசையைக் கேட்பதற்கான இசைவை மட்டுமே. இசைக்கும் இசைவுக்கும் இடையே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓரெழுத்தின் விலை என்ன என்பதை உலகம் கற்றுக்கொண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

பழைய வழக்கு

இசையைப் படைப்பவருக்கும் அதைப் படியெடுக்கும் பொறிக்கும் இடையிலான வழக்கு இணையத்தோடு தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இல்லங்களில் தானியங்கிப் பியானோ பரவியது. துளையிடப்பட்ட காகிதச் சுருளை அதில் பொருத்தினால் பியானோ தானே இசைக்கும். சுருள் செய்து விற்றவர்கள் பாடலாசிரியருக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. படைவாத்திய இசையில் புகழ்பெற்ற ஜான் ஃபிலிப் சூசா, 1906ஆம் ஆண்டில் பொறியிசையின் தீங்கைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். 1908ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றமோ, துளைகளை மனிதர் கண்ணால் படிக்க முடியாது ஆதலின் சுருள் என்பது பாடலின் படி ஆகாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு சுருளுக்கும் பாடலின் உரிமையாளருக்கு இரண்டு காசு செலுத்தப்பட வேண்டும் என்று விதித்தது.

அந்தத் தீர்வின் தன்மை கருதத்தக்கது. பொறியைத் தடை செய்யவில்லை. சுருளுக்குப் பூட்டும் போடவில்லை. படைத்தவருக்குரிய கூலி கொடுக்கப்பட வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கமாக இருந்தது. கேட்பவர் வீட்டுக்குள் சட்டம் நுழையவில்லை.

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டபோது வழக்கு வேறு வடிவம் எடுத்தது. இப்போது படியெடுப்பவர் தொழிற்சாலைக்காரர் மட்டும் அல்லர். வீட்டில் இருப்பவரும் படியெடுக்கலாம். வானொலிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, விரும்பிய பாடல் வரும்வரை காத்திருந்து பதிவு செய்துகொண்ட அனுபவம் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. 1981ஆம் ஆண்டில் பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டில் செய்யும் ஒலிப்பதிவு இசையையே கொன்றுவிடும் என்று பெரும் பிரசாரம் செய்தது. இசை சாகவில்லை என்பதை வரலாறு காட்டியது.

1984ஆம் ஆண்டில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பீட்டாமேக்ஸ் கருவியைச் சோனி நிறுவனம் விற்றுவந்தது. அது படியெடுக்கும் குற்றத்துக்குத் துணைபோகிறது என்று திரைப்பட நிறுவனங்கள் 1976ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்திருந்தன. ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் அமெரிக்க உச்சநீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்களின் பதிவுரிமைக்காக அன்று வழக்காடிய சோனியின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வரும். அப்போது அதன் இடம் மாறியிருக்கும்.

பாடல் சிறுத்த கதை

1982ஆம் ஆண்டில் சோனியும் பிலிப்சும் இணைந்து உருவாக்கிய குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் இசை எண்களாகப் பதியப்பட்டிருந்தது. ஒரு விநாடி ஒலி, ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் 44,100 மாதிரிகளாக அளக்கப்பட்டது. வீட்டுக் கணினி பரவாத காலம் அது. ஆதலின் அத்தட்டுக்குப் பூட்டு எதுவும் வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 40 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டதால், அன்றைய கணினிகளில் அதை வைத்திருப்பதே அரிதாக இருந்தது.

இந்த இயற்கைத் தடையை உடைத்தது எம்.பி.3 என்னும் சுருக்கமுறை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் இதன் வளர்ச்சியில் முன்னின்றனர். உரத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது அதனை ஒட்டிய மெல்லோசை செவிக்குப் புலப்படாது. அவ்வாறு செவி உணராத பகுதிகளைக் கழித்துவிட்டால், பாடல் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். 40 மெகாபைட் 4 மெகாபைட் ஆயிற்று. தொலைபேசிக் கம்பி வழியாகப் பத்து நிமிடங்களில் ஒரு பாடலைப் பெறலாம் என்னும் நிலை தோன்றியது.

1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஷான் ஃபானிங் என்னும் இளைஞர் நாப்ஸ்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஒருவர் கணினியில் உள்ள பாடல்களை முன்பின் அறியாத மற்றொருவர் இலவசமாகப் பெற்றுக்கொள்ள அது வழி செய்தது. சில மாதங்களிலேயே பல மில்லியன் பேர் அதில் சேர்ந்தனர். இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001ஆம் ஆண்டு ஜூலையில் அச்சேவை நின்றது.

இங்கே ஓர் உண்மையை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். படைத்தவனுக்குக் கூலி கொடாமல் படைப்பை எடுத்துக்கொள்வது முறையன்று. அரும்பாடுபட்டு ஒரு நூலை அச்சிட்ட எழுத்தாளன், அந்நூல் படியெடுக்கும் பொறியில் பக்கம் பக்கமாகப் பெருக்கப்படுவதைக் காணும்போது அடையும் வேதனை, எழுத்தாளர் சங்கங்களில் உள்ளோர்க்குப் புதிதன்று. ஆகவே, இசை நிறுவனங்களின் அச்சம் பொய்யச்சம் என்று தள்ளிவிட முடியாது. அந்த அச்சத்துக்கு அவை தேடிய மருந்துதான் பிழையானது.

பூட்டும் சாவியும்

அந்த மருந்துக்கு ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு டி.ஆர்.எம். என்று பெயர். மின்னியல் உரிமை மேலாண்மை என்று அதைத் தமிழில் கூறலாம். பூட்டு என்று சொன்னால் எளிதில் விளங்கும். விற்கப்படும் பாடல் மறைகுறியாக மாற்றப்பட்டிருக்கும். அதை ஒலிக்கச் செய்யும் சாவி, விற்ற நிறுவனத்தின் கணினியிலிருந்து இசைவுச்சீட்டாக வரும். எந்தக் கணினி, எத்தனை கருவிகள், எத்தனை முறை என்பனவற்றையெல்லாம் அச்சீட்டே வரையறுக்கும். வாங்கியவர் புதுக் கணினிக்கு மாறினால், மீண்டும் நிறுவனத்தின் வாசலில் நின்று சாவியைக் கேட்டுப் பெற வேண்டும்.

பூட்டுக்குக் காவலாகச் சட்டமும் வந்தது. 1996ஆம் ஆண்டில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் உடன்படிக்கை உருவாயிற்று. அதனை ஒட்டி 1998ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் தடை செய்தது.

இச்சட்டத்தின் நிழல் கல்விக்கூடத்தின் மேலும் விழுந்தது என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில், இசை நிறுவனங்களும் கருவி நிறுவனங்களும் சேர்ந்து அமைத்திருந்த ஒரு கூட்டமைப்பு, தன் புதிய காப்புமுறைகளை உடைத்துக் காட்டுமாறு உலகுக்கு அறைகூவல் விடுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனின் குழு சில வாரங்களில் அவற்றுள் பலவற்றை முறியடித்தது. அம்முடிவுகளை ஆய்வரங்கில் படிக்க முற்பட்டபோது, சட்ட நடவடிக்கை வரக்கூடும் என்று எச்சரிக்கும் கடிதம் அவருக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் கட்டுரையை அவர் திரும்பப் பெற்றார். பின்னர் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அதனை வெளியிட முடிந்தது. பாடலுக்குப் போட்ட பூட்டு, பாடம் சொல்லும் வாய்க்கும் பூட்டாக மாற இருந்தது.

இலவசச் சந்தையை வெல்ல நிறுவனங்கள் தாமே கடை திறந்தன. 2001ஆம் ஆண்டு டிசம்பரில் மியூசிக்நெட், பிரஸ்பிளே என்னும் இரண்டு சந்தா சேவைகள் தொடங்கப்பட்டன. மியூசிக்நெட்டில் மாதம் ஏறத்தாழ 10 அமெரிக்க வெள்ளி செலுத்தியவர் 100 பாடல்களைப் பதிவிறக்கலாம். ஆயின், 30 நாளில் அவை காலாவதியாகும். தட்டில் பதிந்துகொள்ளவும் கையடக்கக் கருவியில் ஏற்றவும் அப்போது வழியில்லை. பிரஸ்பிளே தட்டில் பதிய ஓரளவு இடங்கொடுத்தது. ஆனால், ஒரே கலைஞரின் பாடல்களில் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் பதியக்கூடாது என்றது. இவ்விரு சேவைகளும் எல்லா நிறுவனங்களின் பாடல்களையும் வைத்திருக்கவுமில்லை. காசு கொடாமல் எடுத்தவனுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. காசு கொடுத்தவனுக்கோ அடிதோறும் கட்டுப்பாடு! நேர்மைக்குத் தண்டனை விதிக்கும் கடையில் யார் கால் வைப்பார்?

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் இசைக்கடையைத் திறந்தது. ஏறத்தாழ 200,000 பாடல்கள்; பாடலுக்கு 99 காசு; சந்தா இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு மில்லியன் பாடல்கள் விற்றன. முறையான விலையில், எளிய வழியில் கொடுத்தால் மக்கள் வாங்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் அங்கும் பூட்டு இருந்தது. ஃபேர்பிளே என்னும் அப்பூட்டு, தொடக்கத்தில் மூன்று கணினிகளில் மட்டும் பாடலை ஒலிக்கவிட்டது. 2004ஆம் ஆண்டில் அது ஐந்தாக உயர்த்தப்பட்டது. கையடக்கக் கருவிகளுள் ஆப்பிளின் ஐபாட் கருவியில் எளிதாக ஒலித்த அப்பாடல்கள் பிற நிறுவனங்களின் கருவிகளில் ஒலிக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறொரு பூட்டை உருவாக்கிப் பல கடைகளுக்கும் கருவி நிறுவனங்களுக்கும் அளித்தது. 2004ஆம் ஆண்டில் அந்த ஏற்பாட்டுக்குப் ‘பிளேஸ்ஃபார்ஷூர்’ என்று பெயர் சூட்டியது. உறுதியாக ஒலிக்கும் என்பது அதன் பொருள். சோனி மூன்றாவதாக ஒரு முறையைக் கையாண்டது. ஒரு கடையில் வாங்கிய பாடல் மற்றொரு கருவிக்கு ஊமையாயிற்று. எந்த ஊர்க் கடையில் வாங்கிய அரிசியும் எந்தப் பானையிலும் வேகும். இந்த அரிசியோ கடைக்காரர் விற்ற பானையில்தான் வேகும் என்றது. உச்சமாக, 2006ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தானே ஜூன் என்னும் இசைக்கருவியை வெளியிட்டபோது, ‘உறுதியாக ஒலிக்கும்’ என்று விற்கப்பட்ட பாடல்கள் அதில் ஒலிக்கவில்லை!

பூட்டைக் கடக்க வழியே இல்லையா என்றால், இருந்தது. ஐடியூன்சில் வாங்கிய பாடலைக் குறுந்தட்டில் பதிந்து, மீண்டும் அத்தட்டிலிருந்து கணினிக்கு ஏற்றினால் பூட்டு நீங்கும். ஆனால், ஒருமுறை சுருக்கிய ஒலியை மறுமுறையும் சுருக்குவதால் அதன் தரம் குறையும்; நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இதைச் செய்வதோ பெரும் உழைப்பு. திருடன் ஒரு நொடியில் பெறுவதைப் பெற, விலை கொடுத்தவர் ஓர் இரவு விழித்திருக்க வேண்டியதாயிற்று.

தட்டுக்குள் ஒளிந்த காவலன்

பதிவிறக்கத்தில் மட்டுமன்றி, கடையில் விற்ற குறுந்தட்டுகளிலும் பூட்டுப் போட நிறுவனங்கள் முயன்றன. இருபது ஆண்டுகளாகப் பூட்டின்றி விற்ற பொருளுக்குப் பின்னர்ப் பூட்டுப் போடுவது எளிதா? 2002ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் விற்ற சில தட்டுகளின் காப்பினை, தட்டின் ஓரத்தில் மையெழுதுகோலால் ஒரு கோடு இழுத்தே முறியடிக்கலாம் என்று தெரியவந்தது. 2003ஆம் ஆண்டில் வந்த வேறொரு காப்புமுறையை, தட்டைப் போடும்போது விசைப்பலகையின் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே கடக்கலாம் என்று பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எடுத்துக்காட்டினார்.

இவையேனும் நகைப்புக்கிடமானவை. 2005ஆம் ஆண்டில் நடந்ததோ நகைக்கத்தக்கதன்று. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள், மார்க் ரஸ்ஸினோவிச் என்னும் கணினி வல்லுநர் தம் கணினியில் மறைந்திருந்த ஒரு மென்பொருளைப் பற்றி விரிவாக எழுதினார். முறைப்படி விலை கொடுத்து வாங்கிய இசைக்குறுந்தட்டு ஒன்றே அதை அங்கே வைத்திருந்தது. அத்தட்டை வெளியிட்டது சோனி பி.எம்.ஜி. நிறுவனம். படியெடுப்பதைத் தடுக்கும் அம்மென்பொருள், கணினியின் உரிமையாளர் கண்ணுக்கே புலப்படாதவாறு தன்னை மறைத்துக்கொண்டது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், சில நாள்களிலேயே தீய நிரல்களும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தொடங்கின. அதை நீக்குவதற்கென்று முதலில் அளிக்கப்பட்ட கருவியோ கணினியில் வேறொரு ஓட்டையைத் திறந்து வைத்தது. பிறருடைய மென்பொருள் நிரல்களின் பகுதிகள், அவற்றுக்குரிய உரிம விதிகளுக்கு மாறாக அந்தக் காப்பு மென்பொருளில் கலந்திருந்தன என்பதையும் வல்லுநர்கள் கண்டறிந்தனர். வேலியே பயிரை மேய்ந்தது என்பர்; இங்கே வேலி அண்டை வீட்டுப் பயிரையும் மேய்ந்திருந்தது.

52 இசைத்தொகுப்புகளில் அம்மென்பொருள் இடம்பெற்றிருந்தது. நவம்பர் மாதத்திலேயே நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற்றது. வழக்குகள் தொடர்ந்தன. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், கணினி பழுதுற்றவர்களுக்கு 150 வெள்ளி வரை ஈடு தர நிறுவனம் இசைந்தது. 1984ஆம் ஆண்டில் வீட்டாரின் பதிவுரிமைக்காக நீதிமன்றத்தில் நின்ற பெயரும், 2005ஆம் ஆண்டில் வீட்டாரின் கணினிக்குள் ஒளிந்து நின்ற பெயரும் ஒன்றே. கருவி விற்பவராக இருந்தபோது ஒரு நீதி. பாடல் விற்பவராகவும் ஆனபோது வேறொரு நீதி. இந்த நிகழ்ச்சியில் ஒன்று தெளிவாயிற்று. இணையத்தில் திருடியவர் கணினிக்கு இந்தத் தீங்கு நேரவில்லை. கடைக்குச் சென்று விலை கொடுத்தவர் கணினிக்கே நேர்ந்தது.

கடை மூடியபோது

பூட்டுள்ள பொருளின் முழுக் குறையும் வெளிப்பட்டது, விற்றவர் கடையை மூடியபோதுதான். மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். இசைக்கடை 2006ஆம் ஆண்டில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் வந்தது. ஆகஸ்ட் 31ஆம் நாளுக்குப் பின் சாவி வழங்கும் கணினிகள் நிறுத்தப்படும். அதன் பிறகு பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்ற இயலாது என்பதே மடலின் செய்தி. அதாவது, இருக்கும் கணினி எத்தனை நாள் உழைக்குமோ அத்தனை நாளே பாடலின் ஆயுள். எதிர்ப்புக் கிளம்பவே, 2011ஆம் ஆண்டு முடியும்வரை சாவி தருவதாக நிறுவனம் இறங்கிவந்தது.

அதே ஆண்டு ஜூலையில் யாகூ நிறுவனமும் இத்தகைய அறிவிப்பை வெளியிட்டது; செப்டம்பர் 30ஆம் நாளோடு சாவி நிற்கும் என்றது. பின்னர், வாங்கியவர்களுக்கு ஈடு தர முன்வந்தது. செப்டம்பரில் வால்மார்ட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம், அக்டோபர் 9ஆம் நாளுக்குள் பாடல்களைத் தட்டில் பதிந்து காப்பாற்றிக்கொள்ளுமாறு கூறியது. கண்டனம் எழுந்தபின் முடிவைத் தள்ளிப்போட்டது. சோனியின் கனெக்ட் கடையும் 2008ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது.

ஓராண்டுக்குள் நேர்ந்த இந்நிகழ்ச்சிகள் மக்களுக்குப் பாடம் கற்பித்தன. இவை நொடித்துப்போன சிறு கடைகள் அல்ல. உலகின் மாபெரும் நிறுவனங்கள். அவற்றின் சொல்லை நம்பி, சட்டத்தை மதித்து, 99 காசு வீதம் செலுத்திச் சேர்த்த பாடல்கள் ஒரு மடலால் ஆட்டம் கண்டன. ஒலிநாடாவில் திருட்டுப் பதிப்பு வாங்கியவரிடம்கூட யாரும் பின்னர் வந்து நாடாவைப் பறித்துச் செல்லவில்லை.

பூட்டு அகன்றது

பூட்டு வீண் என்பதை வெளிப்படையாகச் சொன்ன பெரு வணிகருள் ஒருவர், ஆப்பிள் நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆவார். 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அவர் ஒரு திறந்த மடல் வெளியிட்டார். 2006ஆம் ஆண்டில் இணையக் கடைகள் விற்ற பூட்டுள்ள பாடல்கள் இரண்டு பில்லியனுக்கும் குறைவு. இசை நிறுவனங்களே குறுந்தட்டுகளில் பூட்டின்றி விற்ற பாடல்கள் இருபது பில்லியனுக்கும் மேல். பத்தில் ஒன்பது பங்கு பாடல்களைப் பூட்டில்லாமல் விற்றுக்கொண்டு, ஒரு பங்குக்கு மட்டும் பூட்டுப் போடுவதால் என்ன பயன் என்பது அவர் எழுப்பிய வினா.

வினா நியாயமானதே. ஆயின், வினவியவரின் நிலையையும் மறந்துவிடலாகாது. அப்பூட்டினால் அவர் நிறுவனமும் பயன் பெற்றிருந்தது. ஐடியூன்சில் பணம் செலவிட்டவர் வேறு கருவிக்கு மாறத் தயங்கினார். 2006ஆம் ஆண்டிலேயே நார்வே நாட்டின் பயனீட்டாளர் காப்பாளர், ஐடியூன்ஸ் விதிமுறைகள் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானவை என்று கூறியிருந்தார். பிரான்சிலும் இது குறித்துச் சட்டமன்ற விவாதம் எழுந்தது. மக்களின் முறையீடும் அரசுகளின் நெருக்குதலும் வணிகரின் கணக்கும் ஒன்றுகூடியபோதே பூட்டு தளர்ந்தது.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இ.எம்.ஐ. நிறுவனம் தன் பாடல்களைப் பூட்டின்றி விற்க இசைந்தது. மே மாதத்தில் அவை ஐடியூன்சில் விற்பனைக்கு வந்தன. விலை 1 வெள்ளி 29 காசு. ஒலித்தரமும் உயர்ந்தது என்றாலும், விடுதலைக்கு 30 காசு கூடுதலாகக் கேட்கப்பட்டதாகவே மக்கள் கருதினர். செப்டம்பரில் அமேசான் நிறுவனம் பூட்டில்லா எம்.பி.3 கடையைத் திறந்தது. 2008ஆம் ஆண்டு ஜனவரிக்குள் நான்கு பெரிய இசை நிறுவனங்களும் அதற்குப் பாடல் தர ஒப்பின. இறுதியாக, 2009ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ஐடியூன்சின் பத்து மில்லியன் பாடல்களும் பூட்டு நீங்கி வரும் என்று ஆப்பிள் அறிவித்தது. முன்பே வாங்கிய பாடலின் பூட்டை அகற்ற, பாடலுக்கு 30 காசு செலுத்த வேண்டியிருந்தது. ஒரு பொருளை முழுமையாகப் பெற, மக்கள் இருமுறை விலை கொடுத்தனர்.

பூட்டு அகன்றதும் விற்பனை சரிந்ததா? 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐடியூன்சின் பத்து பில்லியனாவது பாடல் விற்பனையாயிற்று. வாங்குகிறவரை நம்பியதால் வணிகம் அழியவில்லை. வாங்குகிறவருடைய பொருளையும் தம் பொருள் போலவே கருதிச் செய்வதே வாணிகம் என்பது, நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அதைப் பெரு நிறுவனங்கள் எட்டாண்டு இழப்புக்குப் பின் உணர்ந்தன.

நம் நாடுகளில்

இவ்வரலாறு மலேசியாவையும் சிங்கப்பூரையும் தொட்ட விதம் தனித்தன்மை உடையது. சிங்கப்பூர் அமெரிக்காவுடன் செய்துகொண்ட தடையிலா வணிக உடன்பாடு 2004ஆம் ஆண்டு ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூட்டை உடைப்பதைத் தடுக்கும் விதிகள் சேர்க்கப்பட்டன. ஆனால், அமெரிக்காவின் மிகப் பெரிய இசைக்கடையாக வளர்ந்திருந்த ஐடியூன்சின் பாடல் விற்பனை, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 2012ஆம் ஆண்டு ஜூனில்தான் வந்தது. இந்தியாவுக்கு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. காவலுக்கான சட்டம் முதலில் வந்தது. அக்கடையோ எட்டாண்டு கழித்து வந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே வாங்க மனமிருந்தவருக்கும் வாசல் திறக்கவில்லை. திருட்டுப் பதிப்பைக் கண்டிப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் கருத வேண்டும். நல்வழி அடைபட்டிருக்கும்போது, மக்கள் குறுக்குவழியில் சென்றார்கள் என்று மட்டும் குறைகூறுவது முழு நீதியாகாது.

அக்கடை வந்தபோது பாடல்களில் பூட்டு இல்லை. ஆயினும் காலம் விரைந்து மாறியது. அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரலில், ஸ்பாட்டிஃபை என்னும் சேவை இவ்விரு நாடுகளுக்கும் வந்தது. மாதக் கட்டணம் செலுத்தினால் மில்லியன் கணக்கான பாடல்களை விளம்பரமின்றிக் கேட்கலாம்; கட்டணம் நின்றால் அவ்வாறு கேட்க இயலாது. பூட்டு மீண்டும் வந்துவிட்டது என்று சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இது வாடகை என்று சொல்லியே வாடகை பெறுகிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் வீடு தமதென்று ஏமாறுவதில்லை. விற்பனை என்று சொல்லிவிட்டு வாடகைச்சீட்டைக் கையில் கொடுத்ததே முந்தைய சேவைகளின் பிழை.

சொல்லும் பொருளும்

ஆகவே, இவ்வழக்கின் அடிப்படை ஒரு சொல்லில் இருக்கிறது. வாங்குதல் என்னும் சொல்லுக்கு மக்கள் வழங்கிய பொருள் வேறு. விற்பவர் தம் விதிமுறைத் தாள்களில் மறைத்து வைத்த பொருள் வேறு. இதை ஒரு சட்டமன்றமே ஏற்றுக்கொண்டது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றியது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. மின்வடிவப் பொருளை விற்பவர், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது அச்சட்டம். என்றென்றும் தம்மிடமே வைத்துக்கொள்ளத்தக்க வகையில் பதிவிறக்கப்படும் பொருளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஒரு சொல்லின் நேர்மையைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பது மொழியாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இசையோடு இது முடிந்துவிடவுமில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலையில், அமேசானிடம் சிலர் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் நூல்கள், விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பது தெரியவந்ததால், வாசகரின் கருவியிலிருந்தே தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் மறைந்தன. இருமுறையும் பணம் திருப்பித் தரப்பட்டது என்பது உண்மை. ஆனால், மாணவன் பக்க ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புக்கு எந்தக் கடை விலை மதிப்பிட முடியும்? தாத்தா வாங்கிய நூலைப் பேரன் படிப்பதும், ஆசிரியர் சேர்த்த நூல்கள் பள்ளி நூலகத்துக்கு வருவதும் நம் சமூகம் அறிவைக் காத்த வழிகள். இசைவுச்சீட்டு பேரனுக்குச் செல்வதில்லை.

பாடங்களும் பாடல்களும் நூல்களும் மின்வடிவில் பள்ளிக்குள் வரும் காலம் இது. அவற்றுக்குப் பணம் செலுத்துமுன், விற்பவர் கடையை மூடிய மறுநாளும் இது நம் கையில் இருக்குமா என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டறிய வேண்டும். படைத்தவனுக்குரியதை மறுக்காமல் கொடுக்கவும், கொடுத்ததற்குரிய பொருளை மறக்காமல் கேட்டுப் பெறவும் மாணவர்கள் கற்க வேண்டும். முன்னதை மட்டும் வலியுறுத்தினால் ஏமாளிகள் உருவாவர். பின்னதை மட்டும் வலியுறுத்தினால் ஏமாற்றுவோர் உருவாவர். தாம் பெறுவது இசையா, இசைவா என்று அறிந்து விலை கொடுக்கும் தலைமுறையை இவ்விருவரிடமும் சிக்காமல் வளர்க்கும் பொறுப்பு வகுப்பறைக்கு உண்டு.